அரிசி டிரம்முக்கு அடியில் ஒரு விடைத்தாள்

"பிள்ளைகளின் மனதை உறுதியாக்குவது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே எழுதியிருக்கும் வரிகளைப் படித்தால், நீங்கள் கேட்க வந்தது வேறு என்று தோன்றுகிறது. பெரம்பூரில் வீடு. மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. ஏழாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவளைச் சென்ற ஜூன் மாதம் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றியிருக்கிறீர்கள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு 31. கையெழுத்து வாங்கி வரச் சொன்ன விடைத்தாளை அவள் உங்களிடம் காட்டாமல் அரிசி டிரம்முக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள். அதைக் கண்டெடுத்த இரவு நீங்கள் கத்தினீர்கள். அவள் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதாள். கடைசியில் உங்கள் மாமியார் கதவைத் தட்டி, "தயிர்சாதம் பிசைந்து வைத்திருக்கிறேன், வா" என்று கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தாள். மறுநாள் முதல் காலையில் வயிற்றுவலி. ஒன்பது நாள் பள்ளிக்குப் போகவில்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று அதே மாமியார் சொல்கிறார். மே மாதம் பிள்ளைகளைப் பத்து நாள் தங்கவைத்து மனஉறுதிப் பயிற்சி தருகிற முகாம் ஒன்று இருக்கிறதாம். அதற்குப் பணம் கட்டலாமா என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. என் மகளிடம் ஏதாவது கோளாறு இருக்கிறதா? அதற்குக் காரணம் நானா? வேறு யாராவது அதைச் சரிசெய்து கொடுப்பார்களா? மூன்றுக்கும் என்னால் முடிந்த அளவு பதில் சொல்கிறேன்.

நான் மனநல மருத்துவர் அல்ல. மருந்து எழுதித்தரும் தகுதி எனக்கு இல்லை. உளவியல் படித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வடசென்னைப் பள்ளிகளில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. அவளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்லும் ஊகம். பொதுவாகப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதில் சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும், சிலவற்றைச் சொல்ல முடியாது. எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் அந்தச் சொல். மனஉறுதி என்றால் எதுவும் தைக்காத மனம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். திட்டினாலும் அழக்கூடாது, தோற்றாலும் முகம் வாடக்கூடாது. அப்படி ஒரு பிள்ளை என்னிடம் வந்தால் நான் பயப்படுவேன். எங்கள் துறையில் மீள்திறன் என்று ஒரு சொல் புழங்குகிறது. அடி விழும், வலிக்கும், சில நாள் சுருண்டு கிடக்கும். பிறகு சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, படிப்பு என்று பழைய ஓட்டத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பி வருதலுக்குத்தான் அந்தப் பெயர். ஒரு மணி நேரம் அழுதுவிட்டு, கூப்பிட்டதும் வந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறாள் உங்கள் மகள். அன்று இரவு அவள் திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் காலையில்தான் வேறு ஏதோ தடுத்திருக்கிறது.

இந்தத் திறன் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகப் பொறுமையாகச் செய்யப்பட்ட ஆய்வு ஹவாய் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் நடந்தது. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பிறப்பிலிருந்து நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பிரசவச் சிக்கல், குடிகாரத் தந்தை, நோயுற்ற தாய், ஓயாத சண்டை என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்கள். அந்தப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர், 72 பேர், பதினெட்டு வயதில் நல்லபடியாக, தன்னம்பிக்கையோடு நின்றார்கள். அவர்களிடம் பொதுவாக என்ன இருந்தது என்று பார்த்தபோது கிடைத்தவை சாதாரண விஷயங்கள். பெற்றோராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விட்டுப்போகாத ஒரு பெரியவர் இருந்தார்: பாட்டி, சித்தி, ஓர் ஆசிரியர், கோயிலிலோ தெருவிலோ அக்கறை காட்டிய ஒருவர். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற, தான் செய்யாவிட்டால் நடக்காத ஒரு பொறுப்பு இருந்தது. நான் பெற்றோர்களிடம் அடிக்கடி சொல்லும் இன்னொரு செய்தியும் அதில் உண்டு. பதின்ம வயதில் தடுமாறிய மற்றவர்களிலும் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் வாழ்க்கையைச் சீராக்கிக்கொண்டார்கள். எட்டாம் வகுப்பு கணக்குத் தேர்வோடு எதுவும் முடிந்துவிடுவதில்லை.

ஒரே ஒரு தீவு, ஒரே ஒரு தலைமுறை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் நிலையான ஒரு பெரியவரின் உறவு முதல் வரிசையில் வந்து நிற்கிறது. இதை உறுதியான பட்டியலில் வைக்கிறேன்.

இனி, செல்லம். கொஞ்சுவதாலும் மடியில் படுக்கவைப்பதாலும் எந்தப் பிள்ளையும் கெட்டதாக எனக்குத் தெரிந்து சான்று இல்லை. ஆனால் செல்லம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு காரியங்களைச் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். ஒன்று அன்பு. மற்றொன்று, பிள்ளை முகம் சுளிக்கும் முன்பே அதன் வழியில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் நாமே பொறுக்கிப் போட்டுவிடுவது. இரண்டாவதுதான் சிக்கல். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன் என்னிடம் வந்தான். பெரம்பூரிலிருந்து 29சி பஸ்ஸில் அடையாறில் இருக்கும் அத்தை வீட்டுக்கு ஒரு தடவைகூடத் தனியாகப் போனதில்லை. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கவே அவனுக்குக் கூச்சம். முதலில் அவனுடைய அப்பா அதே பஸ்ஸில் பின்னால் ஏறி நின்றார். அடுத்த முறை இறங்கும் நிறுத்தத்தில் காத்திருந்தார். மூன்றாவது முறை வீட்டிலேயே இருந்து போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயிற்சி மகனுக்கா அப்பாவுக்கா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கு நேரடிச் சிகிச்சை. மற்றதில் பிள்ளைகளைத் தொடவே இல்லை, பெற்றோரைமட்டும் பழக்கினார்கள்: பிள்ளையின் பயத்துக்கு வளைந்து கொடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், அதே நேரம் "உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது, உன்னால் இதைத் தாங்க முடியும் என்றும் தெரிகிறது" என்று சொல்லுங்கள். 2020இல் வெளியான முடிவின்படி இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. உங்கள் மகளுக்குப் பதற்றக் கோளாறு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வேறு யாராவது சரிசெய்து தருவார்களா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன். இந்த வேலையில் பெரும்பகுதியை வீட்டில் இருப்பவர்களே செய்ய முடியும்.

ஆகவே முகாமுக்குப் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் சொல்லும் முகாமை எனக்குத் தெரியாது. அது நல்ல இடமாகவே இருக்கலாம். ஆனால் இந்த வகையில் சிலவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். விடிகாலை ஐந்து மணிக்கு விசில், பச்சைத் தண்ணீர் குளியல், வரிசை. மாலையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, உன்னைப் பெற்ற தாய் உனக்காகத் தாலியை அடகு வைத்தாள் என்று ஆரம்பிப்பார். விளக்கை அணைத்துவிட்டுச் சோகமான புல்லாங்குழலை ஒலிக்கவிடுவார்கள். அரைமணி நேரத்தில் முந்நூறு பிள்ளைகளும் தேம்புவார்கள். பிள்ளைகள் அழுதால் பயிற்சி பலித்துவிட்டது என்று ஏற்பாட்டாளர்களும் பெற்றோரும் நினைத்துக்கொள்கிறார்கள். விடைத்தாளை ஒளித்துவைக்கும் அளவுக்கு ஏற்கெனவே குற்ற உணர்ச்சி இருக்கிற ஒரு பெண்ணுக்கு இது எந்த வகையில் மருந்து? சுமையின் மேல் இன்னொரு மூட்டை.

கஷ்டம் பிள்ளைகளைத் திடப்படுத்தும் என்பதில் உண்மையே இல்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது. வாழ்க்கையில் ஓரளவு சிரமங்களைச் சந்தித்தவர்கள், எதையுமே சந்திக்காதவர்களைவிடவும் அளவுக்கு மீறிச் சந்தித்தவர்களைவிடவும் நன்றாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவை ஒருவருடைய பழைய வாழ்க்கையை விசாரித்து அறிந்தவை. வேண்டுமென்றே கஷ்டம் கொடுத்துச் சோதித்தவை அல்ல. எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. என் அனுபவத்தில், பிள்ளையால் முடிக்கக்கூடிய சிரமம், ஏன் செய்கிறோம் என்று அதற்கே தெரிந்த சிரமம், கூப்பிட்டால் ஆள் வரும் தூரத்தில் இருக்கும் சிரமம் என்ற மூன்றும் சேர்ந்தால் பலன் தருகிறது. இதில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் தண்டனையாகிவிடுகிறது.

இதை நான் முதலில் பார்த்தது 2004 டிசம்பரில். சுனாமி வந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. கடற்கரைக் குப்பத்து மக்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டராகப் போனேன். படிப்பு முடித்த புதிது. வராந்தாவில் பிள்ளைகள் ஒரு விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் நிவாரணத்துக்கு வந்த போர்வையைத் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு உறுமியபடி ஓடிவருவான். அவன்தான் அலை. மற்றவர்கள் பெஞ்சு மேல் ஏறவேண்டும். ஏறாதவர்கள்மேல் போர்வை விழும், அவர்கள் செத்துப்போனதாகக் கணக்கு. எல்லாரும் செத்த பிறகு எழுந்து மறுபடி முதலிலிருந்து. எனக்கு உடம்பு நடுங்கியது. நிறுத்தச் சொல்லி ஓடினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள், "விடு கண்ணு, எழுந்துதானே வருகிறார்கள்" என்றார்.

மறுநாள் வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, வண்ணப் பென்சில் கொடுத்து, யார் யார் என்னென்ன பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லவைத்தார்கள். வாய் திறக்காத ஒரு சின்னப் பெண்ணை விடாமல் கேட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள், நானும் கூட இருந்து பென்சில் சீவிக் கொடுத்தேன். அன்று இரவு அந்தப் பெண்ணோடு சேர்த்துச் சில பிள்ளைகள் அலறி எழுந்தார்கள். பெருந்துயரத்துக்குப் பிறகு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பின்னால் வரும் மனப்பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு உதவியவை எவை என்று கேட்டால், பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தது, ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, தெரிந்த முகங்கள் பக்கத்தில் இருந்தன, அந்தப் போர்வை விளையாட்டு. உங்கள் மகளிடமும் "என்ன நடந்தது சொல், இப்போதே சொல்" என்று உட்காரவைத்துக் கேட்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயும்போது தானாக வரும் பேச்சுக்கு இடம் விட்டால் போதும்.

ஆனால் அந்த ஒன்பது நாளை அப்படி விட்டுவிட முடியாது. அவசரம் இங்கேதான். வயிற்றுவலி நடிப்பு என்று நினைக்காதீர்கள். பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். முதலில் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையிலும் வலி வருகிறதா என்று பாருங்கள். பள்ளி நாள் காலையில்மட்டும் வந்து பதினோரு மணிக்கு அடங்கிவிடுகிறது என்றால் அது பள்ளியை ஒட்டிய வலி. போகாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதி. அந்த நிம்மதியே மறுநாள் பயத்தைக் கூட்டும். நாள் கூடக்கூடத் திரும்புவது கடினமாகும் என்பதில் எனக்கும் ஐயம் இல்லை, ஆய்வாளர்களுக்கும் இல்லை.

அதற்காக நாளைக் காலையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லமாட்டேன். ஒருமுறை அப்படிச் சொல்லித் தவறு செய்தேன். ஆறாம் வகுப்புப் பையன், இதே வயிற்றுவலி. "எப்படியாவது அனுப்புங்கள், நாளடைவில் பழகிவிடும்" என்று அம்மாவிடம் உறுதியாகச் சொன்னேன். மூன்று வாரம் அவர் கண்ணீரோடு அனுப்பினார். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, வேனில் பெரிய பையன்கள் அவனுடைய டிபன் பாக்ஸைப் பிடுங்கித் தின்றுவிட்டு, சொன்னால் உதைப்போம் என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் எங்கள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து, பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்பு எதை நோக்கி அனுப்புகிறோம் என்று கேட்பது என் வழக்கம்.

நீங்களும் கேளுங்கள். யாராவது கேலி செய்கிறார்களா? ஆங்கில உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறார்களா? கணக்கு ஆசிரியர் மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படித்தாரா? அடித்தாரா? 2009 கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பதிமூன்று வயதுப் பெண் என்பதால் இன்னொன்றும்: மாதவிடாய் நாட்களில் அந்தப் பள்ளியின் கழிப்பறையைப் பயன்படுத்த முடிகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். கழிப்பறைக்குப் போகவேண்டியிருக்குமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கு வரும் பெண்களை நான் வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். தாழ்ப்பாள் இல்லாததற்கு மனஉறுதி மருந்து ஆகாது. தாழ்ப்பாள்தான் போடவேண்டும்.

இப்படி எதுவும் இல்லை, 31 மதிப்பெண்ணும் அதன் அவமானமும்தான் காரணம் என்றால், வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். முதல் இரண்டு நாள் மதிய உணவு வரை, பிறகு முழு நாள் என்று ஓர் ஏற்பாட்டுக்குப் பல பள்ளிகள் ஒத்துக்கொள்கின்றன. வீட்டில் இருக்கும் நேரத்தை விடுமுறையாக்காதீர்கள், சிறையாகவும் ஆக்காதீர்கள். பள்ளி நேரத்தில் டிவியும் போனும் வேண்டாம், புத்தகம் இருக்கட்டும், சாப்பாடு வழக்கம்போல.

அந்த 31ஐப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். தமிழ் வழியில் பின்னமும் சதவீதமும் நன்றாகப் போட்ட பிள்ளைகள் ஆங்கில வழிக்கு மாறிய முதல் ஆண்டில் வார்த்தைக் கணக்குகளில் சறுக்குவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். கணக்கு தெரியும், கேள்வி புரியாது. விடைத்தாளை எடுத்து எங்கெங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். வெறும் எண்களாகக் கொடுத்த கணக்கு சரியாகவும் பத்தியாகக் கொடுத்த கணக்கு காலியாகவும் இருந்தால், கணக்கு டியூஷனுக்கு அனுப்பாதீர்கள். கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொல்லித்தர ஒரு கல்லூரி மாணவியை மாலையில் அரைமணி நேரம் வரச்சொல்லுங்கள். பாரத்தைக் குறைப்பதும் மீள்திறனுக்குச் செய்யும் உதவிதான். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதி அடுத்த படிப்புக்குப் போகலாம் என்று நம் மாநிலத்தில் ஏற்பாடு இருக்கிறதே, அது எத்தனை பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று தேர்வு முடிவு வருகிற வாரங்களில் எங்களுக்குத் தெரியும். எந்தப் பிள்ளையின் மனமும் மாறாமல், திரும்பி வரும் வழியை மட்டும் அகலப்படுத்தினார்கள்.

அந்த இரவைப் பற்றி. கத்தியது தவறுதான், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் மகள் உடைந்துவிட்டாளா என்றால், இல்லை. எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களிலிருந்து தாயையும் கைக்குழந்தையையும் எதிரெதிரே உட்காரவைத்துப் படம்பிடித்துப் பார்த்தார். நன்றாக ஒட்டியிருக்கும் தாய்-சேய் இணைகள்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவர் மனம் மற்றவருக்குப் பொருந்தாமல்தான் இருந்தன. பிசகுவதும் உடனே சரிசெய்துகொள்வதுமாக நேரம் போனது. அந்தச் சரிசெய்தலில்தான் குழந்தை, போன முகம் திரும்பி வரும் என்று கற்றுக்கொள்கிறது. பதிமூன்று வயதுக்கும் அப்படியே பொருந்துமா என்று கேட்டால், ஆய்வைக் காட்டமாட்டேன், என் அறையில் பார்த்ததைச் சொல்வேன். பொருந்துகிறது. நம் வீடுகளில் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை. ஒரு தட்டு வெங்காய பஜ்ஜியைக் கொண்டுவந்து வைப்பதோடு சரி. பஜ்ஜி நல்லதுதான். கூடவே இரண்டு வாக்கியமும் சொல்லுங்கள்: "அன்று நான் கத்தியிருக்கக் கூடாது. மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்துவிட்டேன்." அதோடு நிறுத்துங்கள். "ஆனால் நீ மறைத்தது" என்று தொடங்கும் மூன்றாவது வாக்கியம் முதல் இரண்டையும் விழுங்கிவிடும்.

மறைத்தது என்றதும் ஒன்று. இது முழுக்க என் ஊகம், சரியாக இல்லாமல் போகலாம். தொலைத்துவிட வேண்டிய காகிதத்தைப் பள்ளியிலேயே கிழித்துப் போடலாம், பஸ்ஸிலிருந்து எறியலாம், புத்தகப் பையின் அடியில் வைக்கலாம். உங்கள் மகள் அதை வீட்டிலேயே தினமும் கை வைக்கிற ஒரே இடத்துக்கு அடியில் வைத்திருக்கிறாள். வாரம் ஒருமுறை அந்த டிரம்மை நகர்த்திப் பெருக்குவீர்கள் என்று அவளுக்குத் தெரியாதா? சொல்ல வாய் வராத பிள்ளைகள் சில நேரம் இப்படித்தான் சொல்கிறார்கள்.

பள்ளிகளில் நடக்கும் மனநல வகுப்புகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கே நான் சொல்வதைச் சந்தேகப் பட்டியலில் போடுங்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் பயிற்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது என்று நானே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் 11 முதல் 13 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களோடு நடந்த பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. வழக்கமாகப் பள்ளிகள் செய்வதைவிட அந்தப் பயிற்சி கூடுதல் பலன் எதுவும் தரவில்லை. "நீ கெட்டிக்காரி" என்பதற்குப் பதிலாக "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டச் சொல்லும் யோசனையும் அப்படித்தான். பலன் உண்டு, ஆனால் பேச்சாளர்கள் சொல்லும் அளவில் பாதிகூட இல்லை. மாறாக, பீகாரின் நாளந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது, 2018இல் வெளியானது. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக அமர்த்தினார்கள். பள்ளியின் சூழல் மேம்பட்டது, மாணவர்களின் மனச்சோர்வும் மிரட்டலும் குறைந்தன. அதே திட்டத்தை, ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் ஆசிரியர்கள் தலையில் கட்டிய பள்ளிகளில் பலன் தெரியவில்லை. ஆகவே மகளின் பள்ளியில் வகுப்பு நடத்துகிறார்களா என்று கேட்பதைவிட, மாணவர்கள் எழுந்து போய்ப் பேசக்கூடிய ஓர் ஆள் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள்.

தூக்கம்: இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். போன் கெடுக்கிறதா என்ற வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. அது தூக்கத்தைத் தின்றால் கெடுக்கிறது, அந்த அளவில் சண்டைக்கு இடமில்லை. இரவில் எல்லாருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் இருக்கட்டும்.

எப்போது இது வீட்டைத் தாண்டிய விஷயம்? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் சோர்ந்தோ எரிச்சலாகவோ இருந்தால், பிடித்த காரியங்களிலும் பிடிப்பு விட்டுப்போனால், தூக்கமும் சாப்பாடும் மாறினால், தோழிகளைத் தவிர்த்தால், உடம்பில் கீறல் தெரிந்தால், "நான் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு நிம்மதி" என்பதுபோலப் பேசினால் காத்திருக்க வேண்டாம். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 13 முதல் 17 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அபூர்வமான ஒன்று அல்ல, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று பிள்ளையிடம் நேரடியாகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தவறு என்று நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வு காட்டியது. அப்படிக் கேட்கப்பட்ட பிள்ளைகளின் துயரம் கூடவில்லை. "ஆமாம்" என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும் மற்ற ஆபத்தான பொருட்களையும் பூட்டிவைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இரவு எந்த நேரமும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம்; 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். பிள்ளையே கூப்பிட வேண்டுமானால் குழந்தைகள் உதவி எண் 1098.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த நிலை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் நேரில் பார்க்காமல் சொல்கிறேன். உங்கள் கண்ணை நம்புங்கள்.

கடைசியாக உங்கள் மாமியார். செல்லம் என்று அவர் குத்திக்காட்டியதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தயிர்சாதத்தை ஒரே ஓர் இடத்தில், போகிற போக்கில். உங்கள் மகள் யார் குரலுக்குக் கதவைத் திறந்தாளோ அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். கவாயில் வெர்னர் தேடிக் கண்டுபிடித்த பாட்டிகளில் ஒருவர்தான் அவரும், வாய் கொஞ்சம் நீளமாக இருந்தாலும். திங்கட்கிழமை காலையில் அவளைப் பள்ளி வாசல் வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போகும் வேலையை அவரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் போனால் அது படிப்பைப் பற்றிய நடையாகிவிடும். அவர் வழியில் பூக்காரியிடம் முழத்துக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவார், எதிரே வருபவரிடம் பேத்தி பெயரைச் சொல்லி நிறுத்துவார். மதியம் அவள் வெளியே வரும்போது அதே வாசலில், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கட்டும்.